பழைய பாரிஸ் குடியிருப்புக்கு ஒரு பிரெஞ்சு பாணி டிரெஸ்ஸர்: எதை வாங்குவது, எப்படி வைப்பது?

பூந்தளிர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாரிஸ் 10ஆம் வட்டாரத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். படுக்கையறையில் பழைய மரத்தரையும், கூரையோரத்தில் சுதை வேலைப்பாடும், இப்போது எரிக்கப்படாத ஒரு வெள்ளைப் பளிங்குக் கணப்பும் இருக்கின்றன. கணப்புக்கும் சன்னல் சுவருக்கும் இடையே 118 செ.மீ. அகலமுள்ள இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அன்றாடத் துணிகளையும் அம்மா கொடுத்தனுப்பிய பட்டுப்புடவைகளையும் வைப்பதற்கு அங்கே ஒரு டிரெஸ்ஸர் (முன்புறம் இழுப்பறைகள் கொண்ட தாழ்வான சாமான்) வைக்க விரும்புகிறேன். கட்டிலின் விளிம்பிலிருந்து அந்தச் சுவர்வரை 130 செ.மீ. இருக்கிறது.

கடையில் பார்த்த ஒன்று புதியது: எம்.டி.எஃப். பலகையில் (மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) செய்து வெள்ளை வண்ணம் பூசி, வளைந்த கால்களும் பழமை தெரியும்படி தேய்த்த ஓரங்களும் கொண்டது. அதே விலைக்கு, சில வேளைகளில் அதைவிடக் குறைவாகவும், பழம்பொருள் சந்தைகளில் பளிங்கு மேற்பலகையோடு கூடிய பழைய மரச்சாமான்கள் கிடைக்கின்றன. எதை வாங்குவது? பழையதை வாங்கினால் வெள்ளை வண்ணம் பூசலாமா? அதன்மேல் சாமி படம் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம், அது பொருந்துமா?

அருங்காட்சியன் எழுதியது:

கடைக்காரர்கள் "பிரெஞ்சு பாணி" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதற்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல மரபுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிந்தால் உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

பெட்டியின் மூடியைத் தூக்கித் துணி எடுத்த வழக்கம் மாறி, முன்புறம் இழுப்பறைகள் கொண்ட தாழ்வான சாமான் பிரெஞ்சு அரண்மனைகளில் இடம்பிடித்தது 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். பதினான்காம் லூயியின் த்ரியானோன் மாளிகைக்காக ஆந்த்ரே-ஷார்ல் பூல் 1708-09இல் செய்தளித்த இரண்டும் அந்த வகையின் தொடக்ககாலச் சான்றுகள். அடுத்து வந்த பதினைந்தாம் லூயியின் காலத்தில் (1715–1774) முன்முகம் வயிறு தள்ளியது, கால்கள் வளைந்தன, பொன்பூச்சு வெண்கலம் கொடிபோல் மேலெங்கும் படர்ந்தது. வெர்சாயில் அரசரின் படுக்கையறைக்காக அந்துவான் கோத்ரோ 1739இல் செய்த இழுப்பறைச் சாமான் இப்போது லண்டனில் வாலஸ் தொகுப்பு என்னும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜாக் கஃபியேரி வார்த்த வெண்கலம் அதன் முகத்தை மூடியிருப்பதால், இழுப்பறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே முதற்பார்வையில் புலப்படாது. இன்று கடைகளில் விற்கும் வெள்ளை டிரெஸ்ஸரின் வளைந்த கால் இந்த மரபிலிருந்து வந்ததே. காலை மட்டும் எடுத்துக்கொண்டு உடலை நேரான பெட்டியாக விட்டுவிட்டார்கள். வளைவான கால்மேல் தட்டையான பெட்டி உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதும் இடறலாகவே தெரிகிறது.

பதினாறாம் லூயியின் பெயரால் வழங்கும் பாணி இதற்கு நேரெதிர். ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பெயியில் 1748இலும் தொடங்கிய அகழாய்வுகள் கிரேக்க, ரோமானிய வடிவங்களின்மேல் ஒரு மோகத்தைக் கிளப்பின. அவர் 1774இல் அரியணை ஏறுவதற்கு முன்பே கோடுகள் நேராகத் தொடங்கிவிட்டன. கால்கள் கீழே குறுகி, தூண்களைப்போல் வரிப்பள்ளம் பெற்றன. அந்நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மகோகனி மரமும் மெல்லிய பித்தளை வரிகளும் நாகரிகமாயின.

மூன்றாவது, ஊர்ப்புறச் சாமான்கள். ப்ரோவான்ஸில் செதுக்கு வேலை மிகுந்த வால்நட் மரம், ப்ரெஸ் பகுதியில் இரண்டு நிற மரங்களை இணைத்தது, நார்மண்டியில் ஓக் என்று ஊருக்கு ஊர் மாறும். இவற்றில் மெல்லிய மேலொட்டு (அடிமரத்தின்மேல் ஒட்டும் உயர்ந்த மரத்தகடு) கிடையாது, முழு மரம்.

19ஆம் நூற்றாண்டில் கட்டிய வீடுகளின் கணப்புகள் பெரும்பாலும் பதினைந்தாம் லூயி பாணியை நினைத்துச் செதுக்கப்பட்டவை. உங்கள் கணப்பிலும் வளைவும் சிப்பி வேலைப்பாடும் இருந்தால், அதன் பக்கத்தில் நேர்க்கோட்டுப் பதினாறாம் லூயி பாணிச் சாமான் ஒன்றை வைப்பதே என் விருப்பம். இரண்டு வளைவுகள் அருகருகே நின்றால் இரண்டும் கெடும். லூவ்ரில் 2014இல் புதுப்பித்துத் திறந்த 18ஆம் நூற்றாண்டு அறைகளை ஒருமுறை சுற்றி வாருங்கள், கண் பழகிவிடும்.

யாழ்நிலவன் எழுதியது:

பாணி இருக்கட்டும். நான் இங்கே தளபாடங்கள் ஏற்றி இறக்கும் தொழிலில் இருப்பவன். ஆகவே அளவைப் பற்றிச் சொல்கிறேன்.

தங்கச்சி, 118 செ.மீ. என்பது இரண்டு சுவர்களுக்கு இடைப்பட்ட அளவு. பழைய கட்டடத்தில் தரையோரம் ஓடும் மரப்பட்டி இரண்டு பக்கமும் இடத்தைத் தின்னும், கணப்பின் விளிம்பும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலும் கீழும் நடுவிலும் தனித்தனியே அளந்து, கிடைப்பதில் ஆகச் சிறிய அளவையே கணக்கில் கொள்ளுங்கள். பளிங்கு மேற்பலகை உடலைவிட இரண்டு மூன்று செ.மீ. வெளியே நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அகலத்தைவிட ஆழம்தான் சிக்கல். மூன்று லாச்சிகள் (இழுப்பறைகள்) கொண்ட பழைய சாமான்களின் ஆழம் பெரும்பாலும் 50 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். 55 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் கட்டிலுக்கு முன்னால் உங்களுக்கு 75 செ.மீ. மிஞ்சும். லாச்சியை 40 செ.மீ. இழுத்தால் நீங்கள் நிற்பதற்கு 35 செ.மீ.தான். பக்கவாட்டில் நின்றோ கட்டிலில் இருந்துகொண்டோ எடுக்க வேண்டி வரும். நாளுக்கு ஒருமுறை துணி எடுக்க அது போதும். இரண்டு பேர் காலையில் ஒரே நேரத்தில் அவசரப்படுகிற வீடென்றால் போதாது. இடம் நெருக்கமானால் "செமெனியே" என்று தேடிப் பாருங்கள். வாரத்தின் நாட்களுக்கு ஒன்றாக ஏழு லாச்சிகள் அடுக்கிய ஒடுங்கிய, உயரமான சாமான் அது. ஆழமும் குறைவு.

அடுத்தது நிறை. பளிங்கு ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2.7 கிராம். 120 செ.மீ. நீளம், 55 செ.மீ. ஆழம், 2 செ.மீ. கனமுள்ள பலகை 35 கிலோவைத் தாண்டும். நான்காம் மாடி என்கிறீர்கள். மின்தூக்கி இருக்கிறதா, இருந்தால் அதன் கதவு எத்தனை செ.மீ.? படிக்கட்டு சுழல் படிக்கட்டா? வெளியிலிருந்து சன்னல் வழியாக ஏற்றும் ஏணித்தூக்கியை வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் தெருவில் இடம் பிடிக்க நகர நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்த பிறகே எது மலிவு என்று பாருங்கள்.

தேக்குமரம் எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். மரவேலை எங்கள் குடும்பத் தொழில். பிரெஞ்சுக் குடும்பங்கள் விட்டுச்சென்ற சாமான்களைப் பழுது பார்த்துப் பழகிய கை.

வாங்கப் போகிறவர் முதலில் முகத்தைப் பார்க்கக் கூடாது. இழுப்பறையை முழுவதும் உருவி வெளியே எடுத்து, அதன் பக்கப்பலகையும் முன்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறாவால் போல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கடித்திருந்தால் நல்லது. அந்தப் பற்கள் சமமற்று, எண்ணிக்கையில் குறைவாக, ரம்பக்கோடு கொஞ்சம் தாண்டி ஓடியதாக இருந்தால் கைவேலை. எல்லாம் ஒரே அளவில் வரிசையாக இருந்தால் எந்திர வேலை. எந்திர வேலை இழிவில்லை. வயதைச் சொல்லும், அவ்வளவே. ஆணியும் பசையும் மட்டுமே பிடித்திருந்தால் சில ஆண்டுகளில் முன்பலகை கையோடு வந்துவிடும்.

பிறகு, இழுப்பறை போன இருட்டுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். உள்சட்டம் ஓக் மரமா, பைன் மரமா, ஒட்டுப்பலகையா என்பது தெரியும். இழுப்பறை ஓடும் தடங்கள் தேய்ந்து பள்ளமாகியிருந்தால் புதுப்பட்டி ஒட்டிச் சரிசெய்யலாம். அது பெரிய குறையன்று. மேலொட்டின் விளிம்பைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் கையால் அறுத்த மேலொட்டு ஒரு மி.மீ.க்கும் கூடுதலான கனத்தோடு இருக்கும். எந்திரம் சீவியது அதைவிட மிக மெல்லியது. மெல்லிய மேலொட்டை உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் அடியிலுள்ள மரம் வெளியே தெரிந்துவிடும். ஆகவே "கொஞ்சம் தேய்த்தால் புதிதாகிவிடும்" என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

உளுத்துளைகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஊசித்துளை போன்ற பழைய துளைகள் கறுத்துக் கிடந்தால் புழு எப்போதோ போய்விட்டது. சாமானை ஒரு தட்டுத் தட்டினால் வெளிறிய மாவு உதிர்கிறது என்றால், உள்ளே இன்னும் அரித்துக்கொண்டிருக்கலாம்; மருந்து கொடுத்து முடிக்காமல் உங்கள் மரத்தரைமீது கொண்டுபோய் வைக்காதீர்கள்.

எம்.டி.எஃப். பற்றி ஒரு சொல். வண்ணம் பூசுவதற்கு அது நல்ல பலகை. வழவழப்பாக நிற்கும், வளையாது. ஆனால் ஈரம் பட்டால் உப்பும். ஒருமுறை கழன்ற திருகாணி அதே துளையில் மறுபடி பிடிக்காது. வீடு மாற்றும்போது கழற்றி மாட்ட வேண்டிய சாமானுக்கு இது பெரிய குறை. வாடகை வீட்டில் இருப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிழக்குச்சன்னல் எழுதியது:

தேக்குமரம் ஐயா சொன்ன சோதனைகளை அப்படியே ஏற்கிறேன். வண்ணம் பூசுவதைப் பற்றி யாரும் வாய்திறக்காததால் நான் சொல்கிறேன்: தாராளமாகப் பூசலாம். லியோனில் என் வீட்டில் இருப்பவற்றில் பாதி நான் வண்ணம் பூசியவையே. பழுப்பு நிறப் பெரிய சாமான்களின் விலை இறங்கிப்போய், வாங்க ஆளில்லாமல் சந்தைகளில் கிடக்கின்றன. வண்ணம் பூசினால் அவற்றுக்கு இன்னொரு வாழ்நாள் கிடைக்கிறது. சாக் பெயிண்ட் என்ற மங்கலான பூச்சு தேய்க்காமலே மரத்தில் பிடிக்கும். மேலே மெழுகு தடவினால் போதும்.

வண்ணம் பூசுவது பிரெஞ்சு மரபுக்கு எதிரானது என்று சிலர் சொல்வதும் சரியில்லை. பதினைந்தாம் லூயியின் ஷுவாஸி மாளிகையின் நீல அறைக்காக மத்தியூ க்ரியார் என்ற தச்சர் 1742இல் செய்த இழுப்பறைச் சாமான் முழுவதும் வெள்ளையும் நீலமுமான மெருகுப்பூச்சு கொண்டது. இன்றும் லூவ்ரில் இருக்கிறது. வடக்கு நோக்கிய இருண்ட பாரிஸ் அறைக்குள் கறுத்த மகோகனியைக் கொண்டுவந்து வைப்பதைவிட, வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒன்றை வைத்தால் அறையே விரிந்ததுபோல் தெரியும்.

தேக்குமரம் எழுதியது:

அம்மா, அந்த நீலச் சாமான் வண்ணத்துக்காகவே பிறந்தது. அடியிலிருந்து அதற்கென்றே ஆயத்தம் செய்திருப்பார்கள். நல்ல மேலொட்டின்மீது சாக் பெயிண்ட் பூசுவது வேறு. மரவரியின் துளைகளுக்குள் போன வண்ணத்தைப் பின்னால் எடுக்க முடியாது; எடுக்க முயன்றால் மேலொட்டும் சேர்ந்து வரும்.

பழைய மெருகு மங்கியிருந்தால் பிரெஞ்சு பாலிஷ் போட்டுப் பார்க்கட்டும். அவல்போல் இருக்கும் அரக்குச் சீவலை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை உள்ளே வைத்துக் கட்டிய துணிப்பொதியால் மெல்லிய படலமாகப் பல தடவை ஏற்ற வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் மேசைகள் மின்னியதற்கு இந்தியக் காடுகளின் அரக்கும் ஒரு காரணம். அரக்கு மறுபடி ஸ்பிரிட்டில் கரையும் என்பதே அதன் சிறப்பு. பழைய படலத்தைச் சுரண்டாமல், அதன்மேலேயே புதுப்படலத்தைக் கலந்துவிடலாம். சூடான பாத்திரமும் சிந்திய வாசனைத் திரவியமும்தான் அதற்கு எதிரி.

பைன், பீச் போன்ற வெளிறிய மரத்தில் 20ஆம் நூற்றாண்டில் மொத்தமாகச் செய்த சாமான் என்றால், உங்கள் விருப்பப்படியே வண்ணம் பூசுங்கள்; நான் குறுக்கே நிற்க மாட்டேன். பழைய வண்ணம் ஏற்கெனவே இருந்தால் மட்டும் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும்.

கிழக்குச்சன்னல் எழுதியது:

வெளிறிய மரத்துக்குச் சலுகை கொடுத்துவிட்டீர்கள். இப்போதைக்கு அது போதும். மகோகனி விஷயத்தில் நம் வழக்கு நிலுவையில் இருக்கட்டும்.

வெயில்நகர் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பிரெஞ்சு பாணிச் சாமானைப் புதுச்சேரியிலேயே ஈட்டி மரத்தில் செய்வித்துக் கப்பலில் அனுப்பினால் மலிவாக முடியாதா? வேலைப்பாட்டுக்கும் குறைவிருக்காதே?

தேக்குமரம் எழுதியது:

வேலை கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்; ஆனாலும் பரிந்துரைக்க மாட்டேன். ஈட்டி மரம் அரிதான உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின்கீழ் 2017 முதல் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உரிய தாள்கள் இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது. தேக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எங்கள் கடற்கரை ஈரத்தில் உலர்ந்த முழுப்பலகை, உங்கள் ஊரில் குளிர்காலம் முழுவதும் வெப்பமூட்டி எரியும் அறைக்குள் போனால் சுருங்கும். சுருங்க இடம் விட்டுச் செய்யாத சாமான் வெடிக்கும். இதன் மறுபக்கத்தை இங்கே நாள்தோறும் பார்க்கிறோம். ஐரோப்பாவிலிருந்து வந்த மேலொட்டுச் சாமான்களின் பசை இந்த ஈரத்தில் இளகி, மேலொட்டு அப்பளம்போல் எழும்பி நிற்கும். இந்த ஊருக்கென்று செய்தவை முழுத்தேக்கிலும் ஈட்டியிலும் இருப்பதற்குக் காரணம் அதுவே. அந்தந்த ஊர்க் காற்றில் பழகிய மரத்தையே அங்கங்கே வாங்குவது நல்லது. பாரிஸிலும் வெப்பமூட்டியை ஒட்டி வைக்க வேண்டாம்.

பூந்தளிர் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டு ஒரு பழம்பொருள் வணிகரிடம் சென்றேன். ஒன்று மனத்துக்குப் பிடித்திருக்கிறது. பதினாறாம் லூயி பாணி, மூன்று இழுப்பறைகள், மகோகனி மேலொட்டு, இழுப்பறைகளைச் சுற்றி மெல்லிய பித்தளை வரி, மேலே "செந்த்-ஆன்" என்னும் கருஞ்சாம்பல் பளிங்கும், அதைச் சுற்றி மூன்று பக்கமும் துளைவேலைப்பாடு கொண்ட தாழ்வான பித்தளை வேலியும். அகலம் பளிங்கோடு சேர்த்து 110 செ.மீ., ஆழம் 48 செ.மீ., உயரம் 86 செ.மீ. நான் அளந்ததில் சுவர்களுக்கு இடையே உண்மையாகக் கிடைப்பது 114 செ.மீ.

இழுப்பறைப் பற்கள் ஒரே அளவில் இருக்கின்றன. உள்சட்டம் ஓக். இடப்பக்கம் கீழ்மூலையில் மேலொட்டு கட்டைவிரல் அகலத்துக்கு எழும்பியிருக்கிறது. வணிகர் பளிங்கை நகர்த்திக் காட்டினார். சட்டத்தின் மேல் மூலையில் ஏதோ எழுத்துகள் பதித்ததுபோல் தெரிகிறது, ஆனால் படிக்க முடியவில்லை. "18ஆம் நூற்றாண்டாகவும் இருக்கலாம்" என்று சொல்லி விலையைச் சற்று உயர்த்தியே பேசுகிறார்.

அருங்காட்சியன் எழுதியது:

அந்த "இருக்கலாம்" என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பாரிஸ் தச்சர் சங்கத்தின் 1743ஆம் ஆண்டு விதிகள், தலைமைத் தச்சர் தம் பெயரை இரும்பு முத்திரையால் சாமானில் பதிக்க வேண்டும் என்றன. சங்கத்தின் சோதனையாளர்கள் பார்த்து ஏற்றவற்றில் தனி எழுத்து முத்திரையும் விழும். 1791இல் சங்கங்களே ஒழிக்கப்பட்டன. முத்திரை பளிங்கின் அடியில், சட்டத்தின் மேல்முனையில் இருப்பது வழக்கம்தான். எனவே வணிகர் காட்டிய இடம் பொருத்தமானது. ஆனால் சங்கம் போன பிறகும் பலர் முத்திரை பதித்தார்கள். விலையேற்றுவதற்காகப் பின்னாளில் பொய்யாகப் பதித்தவையும் உண்டு. அரசருக்கென்றே வேலை செய்தவர்களுக்கு முத்திரை கட்டாயமில்லை என்பதால், முத்திரை இல்லாத உயர்ந்த சாமான்களும் இருக்கின்றன.

உங்கள் சாமானில் முத்திரையைவிடப் பற்கள்தான் தெளிவாகப் பேசுகின்றன. எந்திரம் வெட்டிய ஒரே அளவுப் பற்கள் 18ஆம் நூற்றாண்டினவாக இருக்க முடியாது. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில் (1852–1870) பதினைந்தாம், பதினாறாம் லூயி பாணிகளை மீண்டும் செய்யும் மோகம் கிளம்பியது. பாரிஸில் தச்சர்கள் நிறைந்த ஃபோபூர் செந்த்-அந்துவான் பகுதியின் பட்டறைகள் 20ஆம் நூற்றாண்டுக்குள்ளும் அதைத் தொடர்ந்தன. பாரிஸ் தச்சர் பிரான்சுவா லின்க் போன்றவர்களின் உயர்ந்த மறுபடைப்புகள் இன்று தம் பெயராலேயே மதிக்கப்படுகின்றன. உங்களுடையது அந்த அலையின் எளிய உறுப்பினராக இருக்கலாம். ஓக் சட்டம், உண்மையான பளிங்கு, பித்தளை வரி ஆகியவற்றோடு "பிற்காலப் பதினாறாம் லூயி பாணி" என்று அதன் உண்மைப் பெயருக்கு உரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள். விற்பனைச் சீட்டில் காலத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பிரான்சில் சீட்டில் எழுதும் காலம் விற்பவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் என்பதால், பேனா எடுத்தவுடன் 18ஆம் நூற்றாண்டு காணாமல் போவதை நீங்களே பார்ப்பீர்கள்.

தேக்குமரம் எழுதியது:

எழும்பிய மேலொட்டு சிறிய வேலை. பழைய விலங்குப் பசையாக இருந்தால், மேலே ஈரத்தாள் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் பசை இளகி மறுபடி பிடித்துக்கொள்ளும். பிறகு மெழுகுத்தாள் ஒன்றை இடையில் வைத்து, மரக்கட்டையும் இறுக்கியும் கொண்டு ஓர் இரவு முழுவதும் அழுத்தி வைக்க வேண்டும். பாலிஷ் அந்த இடத்தில் வெளிறும், அரக்கால் தொட்டுவிடலாம். விலை பேசும்போது இந்தக் குறையைச் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

வாங்குவது முடிவானதுபோல் தெரிவதால், வைப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில், சாமானுக்கு மேலே கண்ணாடி மாட்ட வேண்டாம். டிரெஸ்ஸர் என்றாலே எல்லோரும் கண்ணாடி மாட்டச் சொல்வார்கள். ஆனால் அந்தக் காலப் பாரிஸ் வீடுகளில் கணப்பின் மேலேயே சட்டமிட்ட பெரிய கண்ணாடி சுவரோடு சேர்த்துப் பதிக்கப்பட்டிருக்கும். உங்கள் அறையிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் பக்கத்தில் இன்னொரு கண்ணாடி வந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். டிரெஸ்ஸர்மேல் ஒரே ஒரு படம் மாட்டுங்கள்: டிரெஸ்ஸரின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாத அகலம், பளிங்கிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடிவிளிம்பு. சட்டம் பொன்னிறமாக இருக்க வேண்டியதில்லை. பித்தளை வரியும் பித்தளை வேலியும் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்குமேல் பொன்னைச் சேர்த்தால் அறை தங்கும்விடுதி வரவேற்பறையாகிவிடும்.

மேற்பரப்பில் நடுவில் எதையும் வைக்காமல் விடுங்கள். சன்னல் பக்கம் ஒளி வருவதால், கணப்பின் பக்கமுள்ள முனையில் ஒரு மேசைவிளக்கு வைக்கலாம். அதன் நிழற்கூட்டின் உச்சி கணப்பின் மேற்பலகையைவிடத் தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அந்த மூலை அமுங்கித் தெரியும். மறுமுனையில் வளையல், கைக்கடிகாரம் போடுவதற்கு ஒரு தாழ்வான தட்டு. மகோகனி இருளாகத் தெரியும் என்று கிழக்குச்சன்னல் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அதற்கு மருந்து சுவரில்தான் இருக்கிறது. சுத்த வெள்ளைக்குப் பதிலாகச் சற்றுப் பச்சையோ சாம்பலோ கலந்த வெளிறிய நிறம் அடித்தால் கறுத்த மரம் துலங்கும். படுக்கை விரிப்பும் திரையும் பூவேலை இல்லாத பருத்தியிலோ லினனிலோ இருக்கட்டும். இந்த ஒரு சாமான் மட்டுமே பழையதாகவும் மற்றவை எளிமையாகவும் இருந்தால்தான் வீடு வீடாக இருக்கும்.

பட்டுப்புடவைகளைக் கீழ் இழுப்பறையில் வையுங்கள். ஓக் மரத்தின் மேல் நேராக வைக்காமல், துவைத்துப் பழகிய பழைய வேட்டியில் சுற்றி வைப்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த முறை. அதைவிடச் சிறந்தது இல்லை. நாப்தலீன் உருண்டை சரிகையோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது. உலர்ந்த லாவெண்டர் பையை ஓரத்தில் போடுவது இந்த நாட்டு வழக்கம். நறுமணம் நன்றாக இருக்கும், பூச்சியைத் தடுப்பதில் அதை முழுமையாக நம்ப வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை புடவைகளைப் பிரித்து மடிப்பு மாற்றுவதுதான் முக்கியம்.

சாமி படம் பற்றி: படுக்கையறையில் வைப்பதையே பல வீடுகளில் விரும்புவதில்லை, அதை முதலில் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வைப்பதானால் கணப்பின் மேற்பலகை பொருத்தமான இடம்; உயரமானது, அடியில் துணி இருக்காது. டிரெஸ்ஸர்மேல் எண்ணெய் விளக்கு ஏற்றுவதை மட்டும் தவிருங்கள். பளிங்கு எண்ணெயைக் குடிக்கும், மஞ்சளும் குங்குமமும் கறையாக இறங்கும், எலுமிச்சை பட்ட இடம் மெருகிழந்து வெளிறும். கருஞ்சாம்பல் பளிங்கில் எண்ணெய்க்கறை அவ்வளவாகத் தெரியாது, அமிலத்தடம் பளிச்சென்று தெரியும். துடைப்பதற்கு வினிகர் கலந்த எதையும் பயன்படுத்தாதீர்கள்.

கிழக்குச்சன்னல் எழுதியது:

சுவருக்கு வண்ணம் அடிக்கலாம், மரத்துக்கு அடிக்கக் கூடாது என்பதாகத் தீர்ப்பு. வாடகை வீட்டில் சுவரின் நிறத்தை மாற்றலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள் பூந்தளிர். பொதுவாக மிதமான நிறம் அடிப்பதை வீட்டு உரிமையாளர் தடுக்க முடியாது, ஆனால் கண்ணைப் பறிக்கும் நிறமென்றால் காலி செய்யும்போது கணக்கு வரும்.

பூந்தளிர் எழுதியது:

கணப்பின் மேல் பெரிய கண்ணாடி இருக்கத்தான் செய்கிறது. எப்படிச் சரியாகச் சொன்னீர்கள், அக்கா! கணப்பின் மேற்பலகையே போதும் என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

வணிகர் சீட்டில் "பதினாறாம் லூயி பாணி, சுமார் 1900" என்று எழுதித் தரச் சம்மதித்தார். மேலொட்டைக் காட்டியதும் விலையும் இறங்கியது. வாங்குவதாகச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டேன். மின்தூக்கியின் கதவு 70 செ.மீ.தான். இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் சுவரோடு பிணைக்கவும் வேண்டும்; பழைய சுவரில் அது எப்படி?

யாழ்நிலவன் எழுதியது:

நல்லது தங்கச்சி. மின்தூக்கிக் கதவு 70 என்றால், 48 செ.மீ. ஆழமுள்ள உடலை நிமிர்த்தி உள்ளே விடலாம். கூண்டின் உள்ளுயரம் 110 செ.மீ.க்கு மேல் இருக்குமென்பதால் அதில் சிக்கல் வராது. லாச்சிகளைக் கழற்றித் தனித்தனியே கொண்டுபோங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் சாக்கட்டியால் எண் இடுங்கள், பழைய சாமானில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று சரியாக ஓடாது. பித்தளை வேலி பளிங்கில் திருகியிருக்கிறதா, உடலிலா என்று வணிகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பளிங்கைப் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது. தன் நிறையாலேயே நடுவில் முறியும். கண்ணாடித்தகடு கொண்டுபோவதுபோல் நெட்டாக நிறுத்தி, போர்வை சுற்றி, இரண்டு பேர் தூக்க வேண்டும். வண்டியிலும் நிறுத்தியே கட்ட வேண்டும்.

சுவரைத் தட்டிப் பாருங்கள். கணப்புச் சுவர் கனமானதாக இருக்கும், ஆனால் அதற்குள் புகைப்போக்கி ஓடுவதால் அதில் துளையிட வேண்டாம். பின்சுவர் மெல்லிய தடுப்பாக இருந்தால் உள்ளே பொள்ளலான செங்கல்லும் மேலே சாந்துப்பூச்சும் இருக்கும். சாதாரணப் பிளாஸ்டிக் முளை அதில் நிற்காது. பின்னால் விரிந்து பிடிக்கும் உலோக முளை வாங்குங்கள். சாமானைச் சுவரோடு பிணைக்கும் பட்டையை மேலொட்டில் திருகாதீர்கள். பின்பக்கத்து ஓக் சட்டத்தில், வெளியே தெரியாத உயரத்தில் திருகுங்கள். தரை சாய்வாக இருந்தால் முன்கால்களின் அடியில் மெல்லிய மரச்செதில் வைத்து, சாமான் சற்றே பின்னுக்குச் சாயும்படி நிறுத்திவிட்டு அதன் பிறகு பட்டையை இறுக்குங்கள். பளிங்கை ஆகக் கடைசியில், லாச்சிகள் எல்லாம் உள்ளே போன பிறகு ஏற்றுங்கள்.

தேக்குமரம் எழுதியது:

லாச்சிகளை உள்ளே தள்ளுவதற்கு முன் தடங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், தம்பி. எண்ணெய் வேண்டாம்.

யாழ்நிலவன் எழுதியது:

சொல்லிவிடுகிறேன், ஐயா. சனிக்கிழமை ஏற்றுவதானால் எனக்கும் நேரம் இருக்கிறது. கட்டடத்தின் வாயிற்கதவு அகலத்தை மட்டும் அளந்து போடுங்கள், தங்கச்சி.